குரல் நின்ற பரீட்சை

எங்கள் பாடசாலையில் கணினி அறையாக இருப்பது முன்பு மரவேலை படிப்பித்த அறை. யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். வாவிக் காற்றின் உப்பு கணினிகளுக்குள்ளும் போய்விடும். நினைவகத் தகடுகளின் விளிம்பு மங்கி, ஏதாவது ஒரு இயந்திரம் கறுத்த திரையோடு நின்றுவிடும். மூடியைக் கழற்றித் தகட்டை எடுத்து, பிள்ளைகளிடம் அழிறப்பர் வாங்கி அந்த விளிம்பைத் தேய்த்துத் திரும்பச் சொருகுவேன். தகவல் தொழில்நுட்ப ஆசிரியை என்பது என் பதவி. வேலையில் பாதி இந்தத் தேய்ப்புத்தான்.

நான் இருப்பது களுதாவளையில். பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். காலையில் அதில் போவேன், பின்னேரம் அதில் வருவேன். காற்று பலமாக அடித்தால் பாதை ஓடாது. அப்படியான நாட்களில் மண்முனைப் பாலத்தால் சுற்றிப்போய், முதல் பாடம் முடிந்த பிறகுதான் பாடசாலைக்குள் நுழைவேன்.

அந்தக் கணினி அறையில் படித்த இரண்டு பெண் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருக்கிறது. இருவரும் மச்சாள்மார். ஒருத்தியின் தாயும் மற்றவளின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு வீட்டு வளவுக்கும் இடையில் ஒரு வேலிதான். ஒருத்தியை மற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மச்சாள், மச்சாள் என்றுதான் எந்நேரமும். அதில் ஒருத்திக்குக் கண் தெரியாது. அவளைப் பிள்ளை என்றும் மற்றவளை மச்சாள் என்றும் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லாமல் போகவில்லை. சின்ன வயதில் பொழுதுபட்டால் மட்டும் தடுமாறுவாளாம். சத்தில்லாமல்தான் அப்படி என்று தாய் முருங்கைக் கீரையும் மீன் ஈரலுமாகக் கொடுத்திருக்கிறாள். பிறகு பகலிலும் பக்கவாட்டில் இருப்பவை மறையத் தொடங்கின. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, இது மெல்ல மெல்ல முழுவதும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என்னிடம் படிக்க வந்த நேரத்தில் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வெளிச்சத்தை வைத்துச் சொல்வாள், அவ்வளவுதான். மச்சாள்தான் கூட்டிவருவாள், கூட்டிப்போவாள். கரும்பலகையில் எழுதியிருப்பதைக் காதருகே வாசிப்பாள். புத்தகங்களை வீட்டுத் திண்ணைக் குந்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். வகுப்பில் பிள்ளை முதலாவது வந்தால் மச்சாள் இரண்டாவது வருவாள். ஒருத்திக்கு வாசித்ததில் மற்றவளும் படித்துவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்வோம்.

திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஒரு பயிற்சிப் பட்டறையில் எனக்குக் கொடுத்தார்கள். அறையின் மூலையில் இருந்த கணினியில் அதைப் போட்டு, பிள்ளையின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கமே இல்லை. தடிமன் பிடித்த ஆள் பேசுவதுபோல இருக்கும். பிள்ளைகள் அதற்கு "மூக்கடைச்ச டீச்சர்" என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகும் எழும்பவில்லை.

சில மாதங்களில் அந்தக் குரலின் வேகத்தை அவள் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோனாள். ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

"இது தமிழா மச்சாள்? கோழி கொக்கரிக்கிற மாதிரிக் கெடக்கு," என்பாள் மச்சாள்.

"ஒனக்குக் காது மந்தம்," என்பாள் பிள்ளை.

"ஓம் ஓம். இனி நான் என்னத்துக்கு? ஒனக்குத்தான் புது ஆள் வந்திட்டே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு மச்சாளுக்கும் தனக்கென்று ஒரு கணினியில் உட்கார நேரம் கிடைத்தது. படம் வரைவதுபோல இணையப் பக்கங்களை வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். பிள்ளை நிரல் எழுதுவாள், மச்சாள் அதற்கு நிறமும் உருவமும் கொடுப்பாள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் புள்ளிகளைக் காட்டும் பக்கம் ஒன்றை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அதிபர் அதைத் தன் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து அவர்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு அறிவித்தல் வந்தது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்க, விடுதியோடு உள்ள ஒரு நகரப் பாடசாலைக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யப் போகிறார்கள். எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில், இணையவழியில் ஒரே பரீட்சை. எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது. கணினி படிக்க வேண்டும் என்றால் இதுதான் வழி என்று இருவரும் பாய்ந்து விண்ணப்பித்தார்கள்.

பரீட்சை நிலையமாக இருக்க ஒரு பாடசாலைக்கு என்னென்ன தேவை என்று தனியாக ஒரு பட்டியலும் வந்தது. கணினிக்கு இவ்வளவு நினைவகம், இன்ன இயங்குதளம், கமரா, ஒலிவாங்கி, தடங்கலில்லாத இணையம், மின்சாரம் போனால் தாங்க பெட்டரி, அதற்கும் மேல் ஒரு ஜெனரேட்டர். பிள்ளைகளின் முகத்தில் நிழல் விழக்கூடாது என்றுகூட எழுதியிருந்தார்கள்.

"ஏலாது சேர். அக்கரைப் பாடசாலைக்கு நம்மட பிள்ளையள அனுப்புவம்," என்றேன் அதிபரிடம்.

"காத்தடிச்சுப் பாதை நிண்டா என்ன செய்யிற டீச்சர்? மாரி காலம். பரீட்சை அண்டைக்குப் பிள்ளையள் துறையில நிண்டு அழுறதை என்னால பாக்க ஏலாது. பாடுபட்டுப் பாப்பம்."

பாடுபட்டோம். பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கமராக்கள் அனுப்பினார். நெல் ஆலைக்காரர் ஜெனரேட்டரை ஒரு நாளுக்குத் தருவதாகச் சொன்னார். கம்பிவழி அதிவேக இணையம் எங்கள் கரைக்கு வந்திருக்கவில்லை. அக்கரையில் இருக்கும் கோபுரத்தின் சமிக்ஞை வாவியைத் தாண்டி வரவேண்டும். யன்னலுக்கு வெளியே குழாயை நட்டு, அதன் உச்சியில் அன்டெனாவைக் கட்டி, திருப்பித் திருப்பி ஒரு திசையில் நிறுத்தினோம். அன்றைக்கு மச்சாள் வெளியே நின்று குழாயைத் திருப்ப, பிள்ளை உள்ளே இருந்து, இணையத்தின் வேகம் எவ்வளவு என்று மூக்கடைச்ச டீச்சர் வாசிக்க வாசிக்க உரத்துக் கூவிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் இஞ்சால! கூடிட்டு! விடாத மச்சாள், அப்பிடியே பிடி!" அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயின் அடியில் கல் அடுக்கினார். எங்கள் பாடசாலைக்கு நிலையம் கிடைத்துவிட்டது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பரீட்சைச் செயலியைத் திறந்தால் கணினியில் உள்ள மற்ற மென்பொருள்கள் எதுவும் இயங்காது என்று அந்தப் பட்டியலில் இருந்தது. பிள்ளைகள் வேறு எதையும் திறந்து பார்த்து எழுதாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நகரத்தில் நடந்த விளக்கக் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டேன்.

"சேர், எங்கட பிள்ளை ஒண்டுக்குக் கண் தெரியாது. திரை வாசிக்கிற மென்பொருள வெச்சுத்தான் எழுதும். அதுவும் நிண்டிடுமா?"

பரீட்சை ஒருங்கிணைப்பாளர் என்னைவிட வயதில் குறைந்தவர். பணிவான மனிதர்.

"விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கு ஏற்பாடு இருக்கு மிஸ். எழுதித் தாங்க. நான் மேல அனுப்புறன்."

எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கு மேலதிக நேரம் தரப்படும் என்று பதில் வந்தது. வாசிக்கும் மென்பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "மாதிரிப் பரீட்சை வெப்பம்தானே மிஸ். அதில வேலை செஞ்சா பிரச்சினை இல்ல," என்றார்.

மாதிரிப் பரீட்சையில் வேலை செய்தது. குரல் நிற்கவே இல்லை. ஒரே ஒரு தொல்லைதான். பிள்ளையின் முகம் திரைக்கு நேராக இருக்காது, காதைத்தான் திரைப் பக்கம் சாய்த்து வைத்திருப்பாள். அதனால் கமரா அடிக்கடி ஓர் அறிவித்தலைப் போட்டது. அதையும் மூக்கடைச்ச டீச்சர் அவளுக்கு வாசித்துக் காட்டியது. "தயவுசெய்து திரையைப் பார்க்கவும்."

"பாக்கிறன் தாயே, பாக்கிறன்," என்று பிள்ளை கையெடுத்துக் கும்பிட, அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பரீட்சையில் எங்கள் நிலையத்தில் அவளுக்குத்தான் கூடிய புள்ளி. தாய் அடுத்த நாள் ஒரு பை நிறைய வாவி இறாலைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பரீட்சை நாள் மழையோடு விடிந்தது. பாதை ஓடுமோ என்ற பயத்தில் நான் முதல்நாளே பாடசாலைக் கரைக்கு வந்து அதிபரின் வீட்டில் தங்கியிருந்தேன். மேற்பார்வைக்கு வேறொரு பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். நான் தொழில்நுட்ப உதவிக்கு மட்டும். அறையின் பின்பக்கம் நிற்கலாம், கூப்பிட்டால் வரலாம், பரீட்சார்த்திகளோடு கதைக்கக் கூடாது. மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது. பிள்ளைகள் செயலியைத் திறந்தார்கள். அது முதலில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அன்று காலைதான் புதிய பதிப்பை விட்டிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். பின்பு கேள்விகள் வந்தன.

பிள்ளை கையை உயர்த்தினாள்.

"டீச்சர், குரல் வரல்ல."

மேற்பார்வையாளர் தலையசைக்க, ஓடிப்போனேன். ஹெட்போனைக் கழற்றி மாட்டினேன். வேறு ஹெட்போன் போட்டேன். அவருடைய அனுமதியோடு செயலியை மூடினேன். மூடியதும் "மேசைத்திரை" என்று மூக்கடைச்ச டீச்சர் பேசியது. பிள்ளையின் முகம் மலர்ந்தது. திரும்பத் திறந்தேன். குரல் அப்படியே அடங்கிப்போனது. புதிய பதிப்பு அந்த மென்பொருளையும் சேர்த்துப் பூட்டிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். பாட்டுத்தான் கேட்டது. ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி வேறொரு அழைப்பில் இருந்தது. எல்லா நிலையங்களிலிருந்தும் அவரைத்தான் அழைத்திருப்பார்கள். அதிபர் விறாந்தையில் நின்று தன் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப முயன்றார். உள்ளே மற்றப் பிள்ளைகளின் விசைப்பலகைச் சத்தம் மட்டும். திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே போனது. பிள்ளை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நேரம் கெடக்கா டீச்சர்?"

"கெடக்கு மனே, கெடக்கு," என்றேன்.

அப்போது கதிரை ஒன்று பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. மச்சாள் தன் இடத்தை விட்டு எழும்பி வந்து, பிள்ளையின் அருகில் முழந்தாளில் நின்றாள். கேள்விகள் ஒவ்வொரு கணினியிலும் வேறு வேறு ஒழுங்கில் வந்ததால் தன் இடத்திலிருந்து அவளுக்கு வாசிக்க வழியில்லை. பிள்ளையின் திரையைப் பார்த்து, தாழ்ந்த குரலில் முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.

"பிள்ள, உங்கட இடத்தில போய் இருங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"சேர், இவளுக்குக் கண் தெரியாது சேர். நான் விடை சொல்லல்ல. கேள்விய மட்டுந்தான் வாசிக்கிறன்."

"நீ போ மச்சாள். ஒன்ட நேரம் போகுது," என்றாள் பிள்ளை.

"சும்மா இரு. நாலு விடையில ரெண்டாவத வாசிக்காம விட்டிட்டன், கேளு."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "டீச்சர், இது சட்டத்துக்குப் பிழை."

"நடந்தத அப்பிடியே எழுதுங்க சேர். நானும் கையொப்பம் வெக்கிறன்," என்றேன்.

அவர் யன்னலருகே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சாள் வாசித்தாள். எத்தனையோ வருடமாக அவளுக்கு வாசித்தவள். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை இரண்டாம் தரம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. படம் வந்தால் பிள்ளையின் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பிள்ளை விடைக்குரிய விசையைத் தட்டத் தட்ட, கேள்விகள் ஓடின. இப்படியே முடிந்துவிடும் என்று ஒரு கணம் நானும் நம்பினேன்.

திடீரென்று இரண்டு திரைகளும் சிவந்தன. பிள்ளையின் திரையில், இன்னொருவரின் குரல் பதிவாகியிருப்பதால் பரீட்சை நிறுத்தப்பட்டது என்று வந்தது. மச்சாளின் திரையில், பரீட்சார்த்தி இருக்கையில் இல்லை என்று வந்தது.

"ஏன் மச்சாள் நிப்பாட்டிட்டாய்?"

மச்சாள் எழும்பி முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"முடிஞ்சு மச்சாள்."

"இன்னும் கேள்வி கெடந்ததே."

"ஓம். அதுவும் முடிஞ்சு."

சில வாரங்களுக்குப் பிறகு நகரத்தில் ஒரு விசாரணை வைத்தார்கள். அதிபரும் நானும், இரண்டு பிள்ளைகளும், பிள்ளையின் தாயும், மச்சாளின் தகப்பனும் போனோம். அவர் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர், அதிகம் கதைக்காதவர். ஒருங்கிணைப்பாளர் கமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். பிள்ளையின் முகமும், அருகில் மச்சாளின் முகத்தில் பாதியும் தெரிந்தன. மச்சாளின் வாசிப்பு அந்த அறை முழுவதும் கேட்டது. தகப்பன் திரையைப் பார்க்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு முடிந்ததும் பிள்ளை சொன்னாள்: "அவ ஒரு விடையும் சொல்லல்லத்தானே சேர்? நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டன் பிள்ள," என்றார் அவர்.

ஆனாலும் முடிவு வேறு மாதிரி வந்தது. பிள்ளைக்கு, வாசித்துக் காட்ட ஒருவரோடு இன்னொரு பரீட்சை வைக்கலாம். மச்சாள் இருக்கையை விட்டு எழும்பி, இன்னொருவரின் பரீட்சையில் தலையிட்டதால் அவளுக்கு இல்லை. வெளியே ஒருங்கிணைப்பாளரைப் பிடித்து அதிபரும் நானும் மன்றாடினோம்.

"எனக்கு விளங்குது மிஸ். அந்தப் பிள்ளைக்கு விசேட தேவை எண்டு ஒரு பிரிவு கிடக்கு, அதில போட்டன். மத்தப் பிள்ளைய எந்தப் பிரிவில போடுற? சொல்லுங்க, நான் போடுறன்."

அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பிவரும்போது பாதையில்தான் தகப்பன் வாய் திறந்தார். பிள்ளையின் தாயான தன் தங்கச்சியைப் பார்த்து, சனங்களுக்கு நடுவில் சொன்னார்.

"ஒன்ட புள்ளைக்குக் கண்ணா இருந்து இருந்து, இப்ப என்ட புள்ள ஒண்டுமில்லாம நிக்குது."

தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அவ கேக்கல்ல. நானாத்தான் போனன்," என்றாள் மச்சாள்.

"நீ கதைக்காத."

பிள்ளை பாதையின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கரையில் இறங்கும்போது வழமையாக மச்சாளின் தோளில் கை வைப்பாள். அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த இரண்டாம் பரீட்சையை எழுதமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தாள். தாய் அழுதும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் பின்னேரம் மச்சாள் தகப்பனுக்குத் தெரியாமல் கணினி அறை விறாந்தைக்கு வந்தாள். பிள்ளையை அங்கே நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"எழுது மச்சாள்."

"நீ இல்லாம நான் என்னத்துக்கு அங்க போற?"

"நீ எழுதாட்டி எனக்குத் தருவாங்களா? இல்லத்தானே. ரெண்டு பேரும் வீட்டில இருந்து என்ன செய்யிற?"

"மாமா என்னோட கதைக்கிறாரில்ல."

"அது எனக்கும் தெரியும். நீ எழுது. பிறகு பாப்பம்."

அவ்வளவுதான் பேசினார்கள். அழவில்லை. மச்சாள் பொழுதுபட முன்னர் போகவேண்டும் என்று அவசரப்பட்டாள்.

பிள்ளை எழுதினாள். வாசிக்க வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. நிரலில் வரும் குறியீடுகளை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பல இடங்களில் தடுமாறினாராம். கோட்டுப் படங்களை விட்டுவிட்டாராம். மூக்கடைச்ச டீச்சராக இருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும் என்று வந்து சொன்னாள். ஆனாலும் தெரிவாகிவிட்டாள். கட்டிலுக்கு மெத்தை, வாளி, இரும்புப் பெட்டி என்று தாய் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். விடுதிக்குப் போகும் நாளில் துறையில் அயலட்டைச் சனங்கள் எல்லாரும் நின்றார்கள். மாமா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாதை புறப்படும் வரை பிள்ளை கரையில் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

மச்சாள் எங்கள் பாடசாலையிலேயே கலைப்பிரிவில் சேர்ந்தாள். கடைசி வரிசையில் இருப்பாள். கணினி அறைப் பக்கம் வருவதே இல்லை. கூப்பிட்டால், "வாறன் டீச்சர்," என்பாள், வரமாட்டாள். அடுத்து வந்த மாரியில் வெள்ளம் வயலை அழித்தது. அடுத்த தவணை தொடங்கியபோது அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தைப்புத் தொழிற்சாலையின் பஸ் விடியும் முன் வெள்ளாப்பில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, பொழுதுபடத்தான் கொண்டுவந்து விடுகிறது என்று மச்சாளின் தாய் சொன்னாள். தகப்பன் முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இது அவள்ற முடிவு டீச்சர். நான் போகச் சொல்லல்ல," என்றார் தலை நிமிராமலே. "படி எண்டுதான் சொன்னன். கேக்கிறாளில்ல."

அடுத்த வருடப் பரீட்சைக்கான தேவைப் பட்டியலில், திரை வாசிக்கும் மென்பொருளுக்கு இடமளிக்கப்படும் என்று ஒரு வரி புதிதாக இருந்தது. ஒருங்கிணைப்பாளரே தொலைபேசியில் அழைத்தார்.

"உங்கட பிள்ளையாலதான் மிஸ் இது வந்த. உங்களுக்கு முதல்ல சொல்லோணும் எண்டு நினைச்சன்."

நல்ல விஷயம் என்று சொன்னேன். நன்றியும் சொன்னேன். மூலைக் கணினியில் செயலியைத் திறந்து பார்த்தேன். குரல் நிற்காமல் வாசித்தது. அந்த வருடம் எங்கள் நிலையத்தில் அது தேவைப்பட்ட பிள்ளை ஒன்றும் இருக்கவில்லை. அதிபர் உள்ளே வந்து என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடுதியிலிருந்து பிள்ளை அவ்வப்போது குரல் பதிவு அனுப்புவாள். படிப்பு நன்றாகப் போவதாகச் சொல்வாள். சாப்பாட்டறையில் தட்டை வைத்துவிட்டு எழும்பினால் திரும்பி வர இடம் தெரிவதில்லை, அதனால் ஒரே தரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று ஒருமுறை சிரித்தபடி சொன்னாள். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும், "மச்சாளக் கண்டா கேட்டதாச் சொல்லுங்க டீச்சர்," என்பாள். மச்சாளுக்கு அவளே அனுப்பலாமே என்று கேட்டேன். அனுப்பினேன், ஒரு சொல்லில்தான் பதில் வரும், பிறகு அதுவும் வருவதில்லை என்றாள்.

இந்த முறை தவணை விடுமுறையில் வந்தவள், மாமா வீட்டுக்குப் போகவேண்டும், கூட வாருங்கள் என்று என்னைக் கேட்டாள். ஒரு வேலி தாண்டுவதற்கு நான் எதற்கு என்று கேட்கவில்லை. தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய வெள்ளைத் தடி முன்னே தட்டித் தட்டிப் போக, இருவரும் போனோம். மாமி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா உள்ளே போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து, பிள்ளையின் முழங்காலில் படும்படி மெதுவாக வைத்தார்.

"இரு புள்ள," என்றார்.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் காத்திருந்தோம். பொழுதுபடும் நேரத்தில் தொழிற்சாலை பஸ் சந்தியில் நிற்கும் சத்தம் கேட்டது. மச்சாள் பையைத் தோளில் போட்டபடி வேலிக் கடப்படியால் வந்தவள், பிள்ளையைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மச்சாளா?" என்றாள் பிள்ளை.

"ஓம். எப்ப வந்த?"

"நேத்து."

மச்சாள் முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். விடுதியில் நுளம்புக் கடி இருக்கிறதா என்று கேட்டாள். பிள்ளை அவளுடைய கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பஸ் எந்தத் தரிப்பில் நிற்கிறது என்று கண் தெரியாதவர்களுக்குச் சொல்லும் செயலி. "ஆனா அது பாக்க எப்பிடி இருக்கோணும் எண்டு எனக்குத் தெரியாது மச்சாள். நிறம் எல்லாம் நீதான் போடோணும்." மச்சாள் "ம்" என்றாள். பிள்ளை சொல்லிக்கொண்டே போனாள். இரண்டாவது "ம்" வர நேரம் எடுத்தது. மூன்றாவது வரவே இல்லை.

பிள்ளை பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மச்சாள் நித்திரையா டீச்சர்?"

வாய் சற்றுத் திறந்தபடி, கழுத்து ஒரு பக்கம் விழுந்து, மச்சாள் உட்கார்ந்தபடியே உறங்கிப்போயிருந்தாள்.

"ஓம் மனே."

"எழுப்பாதீங்க. காலையில பஸ்சுக்குப் போகோணும்தானே."

மடியில் இருந்த மச்சாளின் கையை அவள் விடவில்லை. மாமி விளக்கைப் போட வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போடாமலே திரும்பிப் போனாள்.